கையெழுத்து இல்லாத முப்பத்தொரு அட்டைகள்

இயேசு மரி சூசை

வெண்டலின், அயோவா
11 பிப்ரவரி 2005

அன்புத் தங்கை லுவெல்லாவுக்கு,

நான் நலம். நீயும் ரேயும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். அரிசோனா வெயிலில் ரேயின் மூச்சு எப்படி இருக்கிறது என்று இந்த முறையாவது இரண்டு வரிக்கு மேல் எழுது. "பரவாயில்லை" என்பது ஒரு நோயாளியைப் பற்றிய செய்தியே ஆகாது.

என் முழங்கால் பழையபடிதான். காது இன்னும் கொஞ்சம் போய்விட்டது. அதனால் போனில் கூப்பிடாதே. போனில் சொன்னதை மறுபடி எடுத்துப் படிக்கவும் முடியாது.

தவக்காலம் தொடங்கிவிட்டது. திருநீற்றுப் புதனன்று முழங்கால் அளவு பனி. உங்கள் மகன் நார்பர்ட் வந்து வாசலைச் சுத்தம் செய்துவிட்டு, நெற்றியில் சாம்பலோடு என் சமையலறையில் உட்கார்ந்து மூன்று முட்டை கேட்டான். "முட்டை மாமிசத்துல சேர்த்தி இல்லையே பெரியம்மா?" என்றான். "சேர்த்தி இல்ல. ஆனா மூணு முட்டை நோன்புலயும் சேர்த்தி இல்ல" என்றேன். ஒன்று கொடுத்தேன். நாற்பத்தொரு வயது. மனைவி விட்டுப் போன வீட்டில் அவனுக்குச் சமைக்க யார் இருக்கிறார்கள்? நாளெல்லாம் டிராக்டர் பழுது பார்த்துவிட்டு டின்னில் அடைத்த சூப்பைச் சாப்பிடுகிறான். நான் அவனுக்கு ஞானத்தாய். ஞாயிறு மதியச் சாப்பாடாவது என் மேசையில்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் ஏழாம் தெருவில், அந்தக் கருக்கலைப்பு மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் நின்று செபமாலை சொல்கிறோம். எங்கள் பங்குக் கோவிலிலிருந்து பதினொரு பேர். வெளியூர்க்காரர்கள் சிலர் வந்து கத்துகிறார்கள். கத்துவது எனக்குப் பிடிக்காது. வாசலில் நிற்கும் காவலாளி, மாடு மாதிரி உடம்பு, ஆனால் மரியாதை தெரிந்தவர். "என்ன மேடம், இன்னிக்கும் ஆஜரா? கால் வலிக்கலையா?" என்றார். "வலிக்குது. உங்களுக்காகவும் செபமாலையில பத்து மணி உருட்டியிருக்கேன். உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். "எதை வேணா கேளுங்க, அதை மட்டும் கேக்காதீங்க" என்றார்.

நம் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் கொலும்பா சொல்வாரே, "அந்த ஆளு, இந்த ஆளுன்னு கடவுள்கிட்டப் பேசாத. பேர் சொல்லு" என்று. பச்சைக் காரில் வரும் பெண்ணுக்காக என்று செபிக்க எனக்கு வெட்கமாயிருந்தது. பெயர்களைத் தெரிந்துகொண்டேன். சிறிய ஊர்தானே. ஏழு பேர். ஒவ்வொருவரும் வேலைக்கு வந்து இறங்கும் நேரத்தில் அவரவரை நினைத்துக்கொள்கிறேன். டார்லா ஸ்டீன் என்ற நர்ஸ் சென்ற மாதம் வேலையை விட்டுவிட்டார். நன்றியாக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். நார்பர்ட்டும் வந்து பக்கத்தில் முழங்காலிட்டான்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
பெர்னடீன்


டூசான், அரிசோனா
6 மார்ச் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

லுவெல்லா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்காலும் காதும் சுகமடையட்டும்.

ரேயின் மூச்சு பற்றி இரண்டு வரிக்கு மேல்: காலையில் குளியலறை வரை நடக்கிறார். திரும்பி வரும்போது கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நின்றுகொண்டே, "உங்க அக்காகிட்டச் சொல்லு, கிழவன் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கான்னு" என்கிறார். ஆக்சிஜன் குழாய் இப்போது பகலிலும். நான்கு வரி ஆகிவிட்டது. என் கடிதங்களைத் திருத்துகிற அந்தச் சிவப்புப் பென்சிலை எடுத்துத் திருத்திக்கொள்.

பின்வாசல் ஆரஞ்சு மரம் காய்த்துக் கொட்டுகிறது. ரேயை விட்டு ஒரு நாள் நகர முடிந்தால் ஒரு பெட்டி நானே கொண்டுவந்து தருவேன்.

நார்பர்ட் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் பேச, அவன் "ம்" போட, நானே வைத்துவிடுகிறேன். நீ சாப்பாடு போடுகிறாய் என்று கேட்க நிம்மதி. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஏழாம் தெருவில் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவன் அவர்கள் பக்கம் நிற்கிறானா, உன் பக்கம் நிற்கிறானா?

உன் நலத்தை என்றும் நாடும்,
லுவெல்லா


இயேசு மரி சூசை

வெண்டலின்
20 மே 2005

அன்புத் தங்கைக்கு,

உடல் நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதித்துவிட்டேன். போலீசார் உனக்குப் போனில் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நடந்ததை ஒழுங்காக நான் எழுத வேண்டும்.

பெந்தகோஸ்தே ஞாயிறு, பத்து மணிப் பூசை. நார்பர்ட் எப்போதும் இடப்புறம் மூன்றாம் வரிசையில் இருப்பான். அன்று இல்லை. பிரசங்கத்தின் நடுவில் தீயணைப்பு வண்டிகள் போகும் சத்தம் எனக்கே கேட்டது என்றால் எவ்வளவு சத்தம் என்று பார்த்துக்கொள். வெளியே வந்தபோது ஏழாம் தெருப் பக்கம் புகை. மருத்துவமனையின் பின்பாதி முழுவதும் எரிந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. ஒரு தீயணைப்பு வீரருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

அன்று மதியம் நார்பர்ட் சாப்பிட வந்தான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். பாத்திரங்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை அவனுடைய பட்டறையில் வைத்துக் கைது செய்தார்கள். பெட்ரோல் கேன் வண்டியிலேயே இருந்ததாம். தான்தான் செய்தேன் என்று உடனே ஒப்புக்கொண்டான்.

மத்திய அரசின் ஆட்கள் இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். "இந்த வீட்டுக்கு அடிக்கடி வருவாராம்மா?" என்று இளையவர் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வருவான்" என்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

இரவும் பகலும் உனக்காகச் செபிக்கிறேன். ரேயிடம் மெதுவாகச் சொல்.

உன் அக்கா,
பெர்னடீன்


டூசான்
8 ஜூன் 2005

அக்கா,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சுகமாயிரு.

ரேயிடம் சொன்னேன். அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அவன் சின்ன வயசுல தீப்பெட்டியே தொட மாட்டானே" என்றார். அவ்வளவுதான்.

நார்பர்ட்டுக்கு அரசு கொடுத்த வழக்கறிஞர், ஹைன்ஸ் என்ற பெண்மணி, போனில் எல்லாவற்றையும் விளக்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணை இல்லை. தண்டனை எவ்வளவு என்பதை மட்டும் நீதிபதி தீர்மானிப்பார். கட்டடத்துக்குத் தீ வைத்தான் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஏழு வருடம். ஆனால் அரசுத் தரப்பு இதை உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று எண்ணச் சொல்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களைப் பயமுறுத்தி விரட்டுவதற்காகச் செய்தான் என்கிறார்கள். நீதிபதி அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் இருபது வருடம்.

"அந்தச் சொல் ஏரோப்ளேன்ல வந்து மோதினவங்களுக்கு இல்லையா? என் பையன் ஒரு காலிக் கட்டடத்தைத்தானே எரிச்சான்?" என்று கேட்டேன். ஹைன்ஸ், "மேடம், எத்தனை பேர் செத்தாங்கன்னு சட்டம் கேக்கல. யாரைப் பயமுறுத்தறதுக்குன்னு கேக்குது" என்றார்.

அக்கா, ஏழு என்றால் அவன் வெளியே வரும்போது எனக்கு எண்பது. கதவைத் திறந்து உள்ளே கூப்பிட நான் இருப்பேன். இருபது என்றால் யார் இருப்பார்கள்?

அவனை அறிந்தவர்கள் நீதிபதிக்குக் கடிதம் எழுதலாமாம். நீ அவனுடைய ஞானத்தாய். உன்னைப்போல் எழுத யாருக்கு வரும்? எழுது.

லுவெல்லா


இயேசு மரி சூசை

வெண்டலின்
1 ஜூலை 2005

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலத்துக்கும் ரேயின் தைரியத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

நீதிபதிக்கு எழுதியதன் பிரதி இத்துடன். இரண்டு பக்கம். என் வீட்டுக்காரர் ஆல்வின் கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோது நார்பர்ட் தினமும் வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டதை எழுதியிருக்கிறேன். பங்கு மண்டபத்தின் கொதிகலனைக் கூலி வாங்காமல் பழுது பார்த்ததை எழுதியிருக்கிறேன். அவன் செய்தது குற்றம் என்றும் எழுதியிருக்கிறேன். அதை மழுப்பினால் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தேன். மக்களை அச்சத்தில் வைத்துக் காரியம் சாதிப்பது என்று இருக்கிறது. நார்பர்ட் யாரையும் அச்சத்தில் வைக்கவில்லை. ஆள் இல்லாத நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தான். தீ வைத்தவனைத் தீ வைத்தவன் என்று சொல்ல வேண்டும். சொற்களைத் தகுந்த இடத்தில் வைக்காவிட்டால் பிறகு அவற்றுக்கு மதிப்பில்லை.

செய்தித்தாளில் வேறு என்னென்னவோ எழுதுகிறார்களாம். நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

இறைவன் உனக்குத் தூக்கம் தரட்டும்.

பெர்னடீன்


டூசான்
19 ஜூலை 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகம்தானே.

உன் கடிதத்தை ரேக்குப் படித்துக் காட்டினேன். சவரம் செய்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நேற்று ஹைன்ஸிடமிருந்து ஒரு பெரிய உறை வந்தது. அரசுத் தரப்பு எதை வைத்து அந்தச் சொல்லைக் கேட்கிறது என்று காட்டும் காகிதங்கள். முப்பத்தொரு அட்டைகளின் நகல். தீ வைப்பதற்கு முந்தைய பத்து மாதங்களில் அந்த மருத்துவமனையில் வேலை செய்யும் ஏழு பேருடைய வீட்டுக்கும் தபாலில் வந்தவை. கீழே கையெழுத்து இல்லை. "நீங்கள் தினமும் காலை 7.40க்குப் பச்சைக் காரிலிருந்து இறங்கும்போது உங்களை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் தனியாக இல்லை." இப்படி.

முதலில் அட்டை, பிறகு தீ. இரண்டும் ஒரே திட்டம் என்கிறார்கள். எழுத்து நார்பர்ட்டுடையது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். கூட ஒரு கூட்டமே இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அட்டையின் தலைப்பில் இ.ம.சூ. என்று இருப்பது எந்த இயக்கத்தின் பெயர் என்று அரசு வழக்கறிஞர் கேட்டாராம். ஹைன்ஸ் அதை என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

எழுதியது யார் என்று நார்பர்ட்டிடம் கேட்டால், "அதைச் சொல்ல மாட்டேன். இன்னும் அஞ்சு வருஷம் கூடப் போடட்டும்" என்கிறானாம்.

அக்கா, அட்டைகளில் இருப்பது சிஸ்டர் கொலும்பா பிரம்போடு நின்று நமக்குக் கற்றுக்கொடுத்த சாய்வெழுத்து. எனக்குக் கடைசிவரை வரவில்லை. உனக்கு மெடல் கொடுத்தார்கள்.

இதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை. தண்டனை நாள் நவம்பர் 18.

லுவெல்லா


இயேசு மரி சூசை

வெண்டலின்
12 செப்டம்பர் 2005

தங்கைக்கு,

நலம். ரேயை விசாரித்ததாகச் சொல்.

ஆம். நான் எழுதினேன். நீ கேட்காமலே கேட்டாய், நான் நேராகவே சொல்கிறேன்.

அவை செப அட்டைகள். ஒருவருக்காகச் செபிக்கும்போது அதை அவருக்குத் தெரிவிப்பது நம் வழக்கம். நாம் பள்ளியில் ஆயருக்கு அனுப்பவில்லையா, இத்தனை செபமாலை, இத்தனை பூசை என்று கணக்கெழுதி? நேரத்தை ஏன் எழுதினேன் என்றால், பொதுவாக நினைத்துக்கொள்கிறேன் என்று எவரும் சொல்லலாம். 7.40 என்று எழுதினால் அது வாக்கு. கையெழுத்து ஏன் போடவில்லை என்றால், இடது கைக்குத் தெரியாமல் கொடு என்று நற்செய்தி சொல்கிறது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை அல்லவா? அட்டைகளை நார்பர்ட் தபாலில் போட்டான், என் முழங்கால் காரணமாக.

ஒரு அட்டையிலும் ஒரு கெட்ட சொல் இல்லை. ஏழு பேரில் ஒருவர் மனம் மாறி வேலையை விட்டார். செபத்தின் பலன் அது. ஒரு நீதிமன்றத்தில் கூண்டில் நின்று, "அம்மா, உங்க செபம் மிரட்டலா?" என்று ஒரு வழக்கறிஞர் கேட்க, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? எழுபத்தாறு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கடவுளுக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

பெர்னடீன்


டூசான்
27 செப்டம்பர் 2005

அக்காவுக்கு,

ரே மருத்துவமனையில் நான்கு நாள் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சுகம்.

கடவுளுக்குத் தெரிந்தது நீதிபதிக்குத் தெரியாது. உன்னோடு வாதாட எனக்குப் படிப்பில்லை. மனம் மாறி வேலையை விட்டார் என்றாயே, அந்த டார்லா ஸ்டீன் நீதிபதிக்கு எழுதிக்கொடுத்ததை அனுப்புகிறேன். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டே படி.

"நான் பதினான்கு வருடம் நர்ஸ். வாசலில் கத்துகிறவர்களைப் பற்றி நான் புகார் சொன்னதில்லை. அவர்கள் முகம் எனக்குத் தெரியும். அட்டை எழுதியவரின் முகம் தெரியாது. முதல் அட்டை வந்ததும் காரை வேறு இடத்தில் நிறுத்தினேன். இரண்டாவது அட்டை அந்த இடத்தைச் சரியாகக் குறிப்பிட்டது. ஜனவரியில் வந்தது ஐந்தாவது. 'கெய்லி 8.10க்கு மஞ்சள் பஸ்ஸில் ஏறும்போது அவளையும் நினைத்துக்கொள்கிறேன்' என்று இருந்தது. கெய்லி என் மகள், ஏழு வயது. 8.10க்கு நான் அவள் பக்கத்தில் இருக்க முடியாது என்பது எழுதியவருக்குத் தெரியும். அந்த வாரமே வேலையை விட்டேன். ஊரையும் விட்டேன். மருத்துவமனை எரிந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதி. தீ வைத்தது கட்டடத்துக்கு என்று தெரிந்த நிம்மதி. கெய்லி இப்போதும் பஸ்ஸில் போவதில்லை. தபால்காரர் வந்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை."

படித்துவிட்டு உனக்குச் சரியென்று படுவதைச் செய்.

லுவெல்லா


இயேசு மரி சூசை

வெண்டலின்
20 அக்டோபர் 2005

மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு,

வணக்கம். நான் நார்பர்ட்டின் பெரியம்மா, அவனுடைய ஞானத்தாய். ஜூலையில் தங்களுக்கு எழுதிய கடிதத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அந்த முப்பத்தொரு அட்டைகளையும் எழுதியவள் நான். இந்தக் கடிதத்தின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலைப்பில் உள்ள மூன்று எழுத்துக்கள் எந்த இயக்கமும் அல்ல. கன்னியர் மடத்தில் படித்தவர்கள் எந்தத் தாளின் தலைப்பிலும் அப்படி எழுதுவோம். குழந்தை கெய்லியின் பெயர் உள்ள அட்டை உட்பட, ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. நார்பர்ட் அவற்றைத் தபாலில் சேர்த்தான், அவ்வளவே. அவையும் தீயும் ஒரே திட்டம் அல்ல.

செபம் என்று எண்ணித்தான் எழுதினேன். திருமதி ஸ்டீன் எழுதியதைப் படித்தேன். நான் அனுப்பியது எதுவாக இருந்தாலும், அவர் வீட்டில் போய் இறங்கியது மிரட்டல். எழுதியவளின் மனதை மட்டும் வைத்து அதை அளக்க எனக்கு உரிமை இல்லை என்று இப்போது காண்கிறேன். பயமுறுத்தி விரட்டியதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்றால், விரட்டியது என் அட்டை. தாங்கள் அந்தச் சொல்லை யார்மேல் வைப்பதானாலும் என்னை முதலில் பார்க்க வேண்டும்.

அந்த மருத்துவமனையில் நடப்பதைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

திருமதி ஸ்டீனிடம் மன்னிப்புக் கேட்டு எழுத நினைத்தேன். என் எழுத்தில் இன்னொரு உறை அவர் வீட்டுப் பெட்டியில் விழக் கூடாது. தாங்களே தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பெர்னடீன் குளூஸ்னர்


டூசான்
2 டிசம்பர் 2005

என் அருமை அக்காவுக்கு,

நீ நலமாயிருக்க நூறு முறை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் நலம், உண்மையாகவே நலம்.

ஏழு வருடம். ஹைன்ஸ் போன் செய்தபோது ரே தன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றார். "ஏழா? ஏழுதானா? சரியாக் கேட்டியா?" என்று மூன்று தடவை கேட்டார். அட்டைகளை எழுதியது நீ என்பதாலும், அவனுக்கு அவற்றில் பங்கில்லை என்பதாலும், இருந்த ஆதாரத்தை வைத்து அந்தச் சொல்லை ஏற்க முடியாது என்று நீதிபதி சொன்னாராம். உன் கடிதத்தை நீதிமன்றத்தில் வாசித்தார்களாம். உன்மேல் வழக்குப் போடும் எண்ணம் அரசுக்கு இல்லையாம்.

இங்கே பக்கத்து வீட்டுப் பெண் இருக்கிறாள், பெயர் வேண்டாம். நீதிபதி என்ன சொன்னாலும் அவன் பயங்கரவாதிதான் என்று சர்ச் வாசலில் என் காதுபடச் சொன்னாள். அதனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல் அவனுக்குப் பொருந்தாது என்று உன் கையால் எனக்கு ஒரு வரி எழுது. நீதிபதி சட்டப்படி சொன்னார். நீ அவனை வளர்த்தவள் மாதிரி. நீ எழுதினால் மடித்து என் செபப் புத்தகத்தில் வைத்துக்கொள்வேன்.

நன்றியோடு,
லுவெல்லா


8 ஜனவரி 2006

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நார்பர்ட் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் குளிர்காலத்தில் வாசல் பனியை யார் அள்ளுகிறார்கள்?

இங்கே சாப்பாடு மோசமில்லை. முட்டை தூளில் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாமியார் வருகிறார். என்னைச் சலவை இயந்திரங்கள் பழுது பார்க்கப் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் நீதிபதிக்கு எழுதியதை ஹைன்ஸ் எனக்கு வாசித்துக் காட்டினார். "ஒவ்வொரு சொல்லும் என்னுடையது" என்று வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் அவ்வளவு பெரிய மனசு பண்ணுவீர்கள் என்று நினைக்கவில்லை. புத்தாண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துடைத்துக்கொண்டே நான் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? "பெரியம்மா, அந்தப் பொண்ணு கெய்லி பேரையும் சேர்த்துக்கங்க. பஸ்ஸு எட்டு பத்துக்கு வருது. அதையும் போடுங்க. குழந்தைக்கும் செபம் வேணும்ல?" நீங்கள் உடனே எழுதினீர்கள். அந்த வாரமே அந்த நர்ஸ் போய்விட்டாள். பதினொரு பேர் ஒன்பது வருடம் எதிர்ச்சாரியில் நின்று மணி உருட்டினீர்கள். யாராவது போனார்களா?

முதல் அட்டையை என் கையில் கொடுத்தபோதே படித்துப் பார்த்தேன். அப்போதே நினைத்தேன், பெரியம்மாவுக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்று. கையெழுத்துப் போடச் சொல்லி நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

மருத்துவமனையை வேறு இடம் பிடித்து மறுபடி திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். புதிய ஆட்கள் இருப்பார்கள். பெயர், வண்டி நிறம், வரும் நேரம், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயர், எல்லாம் எழுதி அனுப்புங்கள். எனக்கும் இங்கே நேரம் நிறைய இருக்கிறது. நானும் பெயர் சொல்லிச் செபிக்கிறேன். செபிக்கிறதை யார் தடுப்பார்கள்? வெளியே எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களும் செபிப்பார்கள்.

அம்மாவிடம் இதைப்பற்றிச் சொல்ல வேண்டாம். அவர்களுக்குப் புரியாது.

உங்கள் ஞானமகன்,
நார்பர்ட்


இயேசு மரி சூசை

வெண்டலின்
30 ஜனவரி 2006

அன்புத் தங்கைக்கு,

உடல் நலம்தான். உன் டிசம்பர்க் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. முதலில் உன் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று எழுதாமல் இருந்துவிட்டு, நீதிபதிக்கு எழுதியதை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வாக்கியம் பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும். அவனுடைய நல்ல எண்ணத்தை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று, அதை என்னுடையது ஆக்கிக்கொண்டேன். நல்ல எண்ணம் என்றுதான் நம்பினேன்.

பிறகு நார்பர்ட்டிடமிருந்து கடிதம் வந்தது. குழந்தையின் பெயரும் பஸ் நேரமும் என் சொல் அல்ல, அவன் சொன்னது. ஏன் சொன்னான் என்பதை அவனே எழுதியிருக்கிறான். அந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப் போவதில்லை. அவன் என்னிடம் வேறு சில பெயர்களைக் கேட்டிருக்கிறான். புதிய இடத்தில் வேலைக்கு வரும் பெண்களின் பெயர் எனக்குத் தெரியாது. இனி தெரிந்துகொள்ளவும் மாட்டேன். சனிக்கிழமைகளில் நிற்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன்.

பங்குத்தந்தையிடம் போனேன். "இதை மறந்துடுங்கம்மா. கோர்ட்டு முடிஞ்சது. நீங்க பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு" என்றார். "ஃபாதர், கடவுள்கிட்டச் சொல்லியாச்சு. நீதிபதிகிட்டச் சொல்லலையே" என்றேன். "உங்க தங்கச்சிய நினைச்சுப் பாருங்க" என்றார். உன்னைத்தான் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன், லுவெல்லா. கதவைத் திறந்து கூப்பிட நான் இருப்பேன் என்று எழுதியிருந்தாயே, அதையும் எடுத்து வைத்துக்கொண்டு.

இன்று காலை நானே தபால் நிலையத்துக்கு நடந்து போனேன். என் பொய்யைத் திருத்தி ஒரு பக்கம், அதோடு நார்பர்ட்டின் கடிதம், நீதிபதியின் பெயருக்குப் பதிவுத் தபால். அதை வைத்து அவர் என்ன செய்ய முடியும், சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கும், எனக்குத் தெரியாது. ஏழு என்பது ஏழாகவே நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

அந்தச் சொல் அவனுக்குப் பொருந்தாது என்று என் கையால் ஒரு வரி கேட்டாய். இந்தக் கையால் நான் எழுதியவை போதும். அந்த வரியை எழுத முடியாது.

நீ எனக்கு இனி எழுத மாட்டாய் என்று தெரியும். கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை. ரேயின் மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் எப்போதாவது தெரிவி. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை எழுதினால்கூடப் போதும்.

உன் அக்கா,
பெர்னடீன்